ஒன்றேகால் நொடி

எர்ணாவூர் மேம்பாலத்தை ஒட்டி எங்கள் ஷெட்.
லிஃப்ட்டில் தொங்குகிறது புருஷோத்தமனின் கார்.
இரண்டு கதவு, எட்டு சிலிண்டர்,
கண்ணாடி மூலையில் கிழிக்காத துறைமுக ஸ்டிக்கர்.
"நானூத்தம்பது குதிரை பத்தல" என்கிறான்.
பதினாறு டிரெய்லர் வைத்திருப்பவனுக்கு
எதுவும் பத்தாதுதான்.

டைட்டஸ் சூப்பர்சார்ஜர் கட்சி.
"மிதிச்சா வரணும் மேடம்.
பெல்ட்டு கிராங்க்கைப் புடிச்சிக்கினு கீது,
இஞ்சின் சுத்துனா அதுவும் சுத்தும்.
கேட்டா குடுக்கும், யோசிக்காது."
கொடுக்கும், இல்லையென்று சொல்லவில்லை.
ஆனால் தண்டல்காரன் மாதிரி,
பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு
எட்டாயிரத்து ஐநூறைக் கையில் வைக்கும்.

நான் டர்போ கட்சி.
அது இஞ்சினிடம் போய்க் கை நீட்டுவதில்லை,
வெளியே ஓடும் புகையை வாசலில் மறித்து
போறதுதான் போறே,
இந்தச் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போ
என்கிறது.
பக்கத்துக்கு நாலு சிலிண்டர்,
பக்கத்துக்கு ஒரு நத்தை ஓடு.
எறிந்த மூச்சில் பிழைப்பு.
அனல்மின் சாம்பலையும் ரிஃபைனரி நெருப்பையும்
சுவாசித்து வளர்ந்தவளுக்கு
அதன்மேல் ஒரு சாய்வு இருக்கலாம்.
டைட்டஸிடம் இதைச் சொன்னதில்லை.
சிரிப்பான்.

அவனுக்கும் பிடி கிடைக்காமல் இல்லை.
மிதித்த பிறகு ஒன்றேகால் நொடி,
"தோ வந்துட்டேன், ராயபுரம் தாண்டிட்டேன்" என்று
தண்டையார்பேட்டைக்காரனிடம் போனில் பொய் சொல்லும்
ஆட்டோ போலத்தான் என் டர்போ.
பிறகு மொத்தமாக வந்து முதுகில் அறையும்.
மேனிஃபோல்டு புதிதாக அடிக்க வேண்டும்,
ஆயில் லைன், தண்ணி லைன்,
மூன்று வாரம். அவனுக்கு ஆறு நாள்.
"கத்திரி வெயில்ல உன் பெட்டி
இஞ்சின் தலைமேல உட்கார்ந்து கொதிக்கும்.
நாலாவது இழுப்புல இன்டர்கூலர் தண்ணியில
டீ போடலாம்" என்றேன்.
"உன் நத்தை மட்டும் ஐஸ்ல செஞ்சதா?"

புருஷோத்தமன் இருவரையும் பார்த்தான்.
"எதுக்கு சவுண்டு நல்லா இருக்கும்?"

போனில் இரண்டையும் போட்டுக் காட்டினோம்.
ஊளையை விட
கால் எடுக்கும்போது வரும் அந்த 'ப்ஷ்ஷ்' பிடித்துப்போனது.
காரணம் தப்பு. விடை சரி.
டைட்டஸ் ஐந்து நாள் பேசவில்லை,
ஆறாம் நாள் என் மேனிஃபோல்டை அவன்தான் வெல்டிங் செய்தான்,
என்னைவிட அழகாக.

டைனோவில் அறுநூற்று எண்பத்தொன்று.

இரவு ஒன்றரை மணி, மணலி விரைவுச் சாலை.
மடியில் லேப்டாப், பக்கத்தில் புருஷோத்தமன்.
சாத்தாங்காடு தாண்டியதும்
சிவப்பு விளக்குகள், துறைமுகம்வரை கன்டெய்னர்.
லாக் கோப்பில் நாற்பது நிமிடம் ஒரே கோடு:
வேகம் நாலு. பூஸ்ட் பூஜ்யம்.
ஹார்னுக்குப் போன அவன் கை
பாதியில் நின்றது.
முன்னால் நின்ற டிரெய்லரின் பின்பலகையில்
'மோகனா டிரான்ஸ்போர்ட்'.
அவன் அம்மா பெயர்.

டிரைவர் இறங்கி வந்து குனிந்தான்.
முதலாளி என்று தெரிந்தும்
தோள் துண்டு இறங்கவில்லை.
"நேத்து நாலு மணிக்கு நின்னது சார்,
கேட் இன்னும் தொறக்கல.
இது நம்ம வண்டியா? ஜம்முனு கீது."
கொஞ்சம் தண்ணி கேட்டான்.
புருஷோத்தமன் பாட்டிலோடு கொடுத்துவிட்டு
ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்தது.
நாற்பது டன்னை உலுக்கி எழுப்பும்போது
டிரெய்லருக்கு அடியில்
பழைய டர்போ ஒன்று மெல்ல விசிலடித்தது.
அதற்கு யாரும் டைனோ போட்டதில்லை.

விடிகிற நேரம் சாலை திறந்தது,
ஒன்பது நொடிக்கு.
அந்தக் கோட்டை டைட்டஸுக்குக் காட்டினேன்.
படுத்திருந்து, திடீரென்று எழுந்து நிற்கிற கோடு.
உற்றுப் பார்த்தான், தலையாட்டினான்.
"என் பெட்டியா இருந்தா
ஒன்னேகா நொடி முன்னாடியே
அடுத்த லாரி பின்னாடி போய் நின்னுருப்பீங்கோ."